வண்டியை நிறுத்துவது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் நோயாளியின் நாடி வழியில் நின்றால், அம்புலன்ஸை விரைந்து ஓட்டாமல் ஓரமாக நிறுத்துவது ஏன்? (வாசகர், தெல்லிப்பழை)

பதில்: தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலிருந்து யாழ். போதனா வைத்தியசாலை காங்கேசன்துறை வீதி வழியே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவில் இருக்க, இதயம் நின்றபின் குருதி கிடைக்காத மூளையோ நான்கைந்து நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குவதால், வண்டியே அங்கு வைத்தியசாலையாக வேண்டியுள்ளது. நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அழுத்தி, 30 அழுத்தங்களுக்கு 2 தடவை மூச்சூட்டும் இதய நுரையீரல் மீளுயிர்ப்பை, குழியில் குலுங்கும் வண்டிக்குள் ஒருவர் செவ்வனே செய்தல் அரிது; விழாதிருக்க ஒரு கை கம்பியைப் பற்றினாலே அழுத்தம் குன்றிவிடும். தாறுமாறான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவியும் வண்டியின் அசைவைத் துடிப்பெனப் பிழையாகக் கொள்ளக்கூடும். 2018 இல் வட மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையின் வண்டியில் சாரதியும் அவசர மருத்துவ உதவியாளருமாக இருவரே செல்வதால், வண்டி நின்றால்தான் சாரதியின் கைகளும் உதவிக்குக் கிடைக்கும் என்பது பலர் எண்ணிப்பாராத காரணமாகும். ஆனால் வழியில் கட்டுப்படுத்த இயலாத உட்குருதிப் பெருக்குப் போன்ற நிலைகளில் விரைவே மருந்தாதலால், எதுவென்று தீர்மானிப்பதைப் பணியாளரிடமே விட்டு, உடன்செல்லும் உறவினர் சாரதியை நெருக்காதிருத்தல் வேண்டும்.