கொடிக்கு ஒரு கொழுகொம்பு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் முன்னும் பின்னும் சிறிது நிலம் இருக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் சென்று திரும்பிய பாட்டாளிகள், ஓய்வு நேரத்தில் அந்நிலத்தில் பூச்செடிகளை வளர்த்தனர். வேலியில் சங்குப்பூவும் வாசற்பந்தலில் முல்லையும் படர்ந்தன. பறித்த பூக்கள் சாமி படத்திற்கும் பெண்களின் கூந்தலுக்கும் பயன்பட்டன.

எல்லாக் கொடிகளும் ஒரே முறையில் ஏறுவதில்லை. சங்குப்பூவின் தண்டு மெல்லிய கம்பையோ கயிற்றையோ சுற்றிக்கொண்டு மேலே செல்லும். காகிதப்பூ தன் முட்களால் பற்றிப் படரும். அதன் கிளைகளைக் கட்டிவிட வேண்டும். குளிர்நாட்டுத் தோட்டங்களில் புகழ்பெற்ற கிளமாட்டிஸ் கொடி, தன் இலைக்காம்பால் கம்பியை வளைத்துப் பிடிக்கும். ஆனால், அது ஓய்வெடுக்கக் குளிர்காலம் வேண்டும். ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் சிரம்பான், பகாவ் போன்ற இடங்களில் அது செழிப்பதில்லை. ஆகவே, மண்ணுக்கும் தட்பவெப்பத்திற்கும் ஏற்ற கொடியைத் தேர்ந்தெடுப்பதே முதற்பணியாகும்.

அவ்வகையில் சங்குப்பூ மிகவும் ஏற்றது. அதன் விதையின் தோல் கடினமானது. எனவே, விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, வெயில் நன்கு படும் இடத்தில் ஊன்ற வேண்டும். நீர் தேங்கக் கூடாது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நீலப்பூக்கள் மலரத் தொடங்கும். மலாய்க்காரர்கள் இதனைப் ‘புங்கா தெலாங்’ என்பர். கிளந்தானின் ‘நாசி கெராபு’ சோற்றுக்கு நீலநிறம் தருவது இப்பூவே. பூ ஊறிய நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால், நீலம் ஊதாவாக மாறும்.

சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்றவாறு மாற்றித் தருகின்றன. இதே குடும்பத்துக் கொடிகளான பியூரேரியாவும் சென்ட்ரோசீமாவும் இளம் ரப்பர் மரங்களின் இடையே வளர்க்கப்பட்டன. அவை தரையை மூடி, மழையில் மண் அரிக்கப்படாமல் காத்தன, களைகளையும் அடக்கின. வாசலில் அழகு தந்த கொடியும் தோட்டத்து மண்ணைக் காத்த கொடியும் உறவுக்கொடிகளே!

காலப்போக்கில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சிரம்பான், நீலாய் சுற்றுவட்டாரங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் வெறிச்சோடின, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வாசல் நிலத்தை யாராலும் எடுத்துச் செல்ல இயலவில்லை. எனினும், காய்ந்த சங்குப்பூ நெற்று ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுசெல்லலாம். அதனுள் இருக்கும் சில விதைகளே ஒரு புதிய வேலிக்குப் போதும்.

மாடி முகப்பில் ஒரு தொட்டி, நல்ல வெயில், ஏறுவதற்கு ஒரு மூங்கில் கம்பு ஆகியவை இருந்தால் அங்கும் கொடி படரும். தோட்டத்தை நேரில் காணாத பேரப்பிள்ளைகள், பாட்டியிடம் கேட்டு அந்த விதையை ஊன்றலாம். பூவோடு சேர்த்துத் தம் குடும்பத்தின் கதையையும் அவர்கள் அறிந்துகொள்வர்.