ஆட்டக்களத்தில் பேண்டு வாத்தியம்

எங்கள் ஊரில் பேண்டு வாத்தியம் என்றதும் பனிமய மாதா கோவில் திருவிழாதான் நினைவுக்கு வரும். கடலுக்கு அப்பால் இலங்கையிலோ அது விளையாட்டு மைதானத்துக்கும் உரியது.

கொழும்பில் ராயல் கல்லூரிக்கும் புனித தோமையர் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெட் போட்டி 1879-இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதுகின்றன. இத்தகைய போட்டிகளில் ‘பப்பரே’ குழுவினர் ட்ரம்பெட்டும் டிரம்மும் முழங்கப் பைலா மெட்டுகளை வாசிப்பர். பைலாவின் வேர் போர்த்துக்கீசியரிடம் உள்ளது. 16-ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே போர்த்துக்கீசியர்தாம்! நமக்கு மட்டும் ஏன் பப்பரே வாய்க்கவில்லையோ?

கூடைப்பந்து சற்று வேறு. அமெரிக்கக் கல்லூரிகளில் பேண்டுக் குழுவுக்கென்றே அரங்கில் இடம் உண்டு. எனினும் ஆட்டம் நடக்கும்போது வாத்தியம் ஒலிக்கலாகாது என்பது விதி. ‘டைம் அவுட்’டிலும் இடைவேளையிலும் வாசிப்பர். இவ்விதியின் அருமையை நான் அறிவேன். சென்ற ஆண்டு ஒரு போட்டியின் கடைசி நிமிடம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ‘பிரீ த்ரோ’ எறிய நான் கை உயர்த்தவும், எங்கிருந்தோ ஒரு டிரம் ‘டம்’ என்றது. பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. அன்றிரவு அழுதேன்.

ஆனாலும் டிரம்மே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் மாணவியர் பேண்டு, விளையாட்டு விழா அணிவகுப்பு முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. அடுத்த போட்டியில் டைம் அவுட்டின்போது அவர்கள் வாசிக்கட்டும் என்று உடற்பயிற்சி ஆசிரியையிடம் கேட்டோம். “விசில் ஊதியதும் நிறுத்துவீர்களா?” என்று மட்டும் கேட்டார்கள்.