உப்பு நீரும் ஆரஞ்சுப் பழமும்

பேரங்காடியில் ஆஸ்திரேலிய ஆரஞ்சுப் பழங்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பல மர்ரே ஆற்றங்கரைத் தோட்டங்களில் விளைந்தவை. மழை குறைந்த அந்த வறண்ட நிலத்தில், 1887ஆம் ஆண்டு சாஃபி சகோதரர்கள் ஆற்று நீரை இறைத்துப் பாசனக் குடியிருப்புகளைத் தொடங்கினர். இன்று ரென்மார்க், மில்டூரா ஆகிய ஊர்களைச் சுற்றி ஆரஞ்சும் திராட்சையும் செழித்து வளர்கின்றன.

ஆனால், அந்த ஆற்றில் நீரோடு உப்பும் ஓடுகிறது. பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. கடல் விட்டுச் சென்ற உப்பும், பின்னர்க் காற்றும் மழையும் கொண்டு வந்த உப்பும் மண்ணின் ஆழத்தில் தங்கின. ஆழமாக வேரூன்றிய காட்டு மரங்களை மக்கள் வெட்டியபின் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்தது. உப்பைச் சுமந்த அந்நீர் ஆற்றுக்குள் கசிந்தது.

அப்படியானால், அந்நீரில் விளைந்த பழம் உப்புக் கரிக்குமா? கரிக்காது. பாதிப்பு வேறு வகையில் வருகிறது. மாங்காய் ஊறுகாய் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உப்புப் பட்டதும் மாங்காய்த் துண்டு நீரை விட்டுச் சுருங்கும். உப்பு மிகுந்த பக்கமே நீரை இழுக்கும். மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகும்போது வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச இயலாது. மண் ஈரமாக இருந்தும் மரம் தாகத்தால் வாடும்.

இதனால் காய்களின் எண்ணிக்கை குறைகிறது. பழமும் சிறுத்துப் போகிறது. வியப்பு என்னவென்றால், அத்தகைய பழச்சாற்றில் சர்க்கரையும் புளிப்பும் பெரும்பாலும் கூடுகின்றன! உண்பவர் நல்ல பழம் என்பார். விவசாயிக்கோ அது இழப்பு. சிறிய பழங்கள் பழச்சாற்று ஆலைக்குக் குறைந்த விலைக்குப் போய்விடும். ‘தரம்’ என்ற சொல்லுக்கு எல்லாருக்கும் ஒரே பொருள் இல்லை போலும்.

உப்பு மேலும் மிகுந்தால் நிலைமை மோசமாகும். குளோரைடு இலைகளில் சேர்ந்து நுனிகள் கருகும், இலைகள் உதிரும். பழத்திற்கு வேண்டிய சர்க்கரையைத் தயாரிப்பவை இலைகள்தாமே? மரத்தின் மேலிருந்து நீரைத் தெளித்தால் இலைகளே உப்பை உறிஞ்சிவிடும். ஆகவே, விவசாயிகள் மரத்தடியில் தெளிக்கும் முறைக்கும் சொட்டுநீர்ப் பாசனத்திற்கும் மாறினர்.

ஆரஞ்சுக் கன்றுகள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகளே. வேர் ஒரு செடியினுடையது. அதன்மேல் ஒட்டப்பட்ட கிளை வேறொரு செடியினுடையது. ‘கிளியோபாட்ரா மாண்டரின்’ என்னும் வகையின் வேர், குளோரைடு மேலே செல்வதைப் பெருமளவு தடுக்கிறது. ‘மூவிலை ஆரஞ்சு’ வகையின் வேருக்கு அந்தத் திறன் குறைவு. எனவே, எந்த வேரைத் தேர்ந்தெடுப்பது என்பதை நடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வேரைச் சுற்றிச் சேரும் உப்பைக் கழுவ, விவசாயி கூடுதலாக நீர் பாய்ச்சுகிறார். மரம் பிழைக்கிறது. ஆனால், கழுவப்பட்ட உப்பு நிலத்தடி நீரில் கலந்து மீண்டும் ஆற்றையே அடைகிறது. அங்கிருந்து அது கீழ்ப்பகுதியில் உள்ள மற்றொருவரின் தோட்டத்துக்குள் நுழைகிறது. இதைத் தடுக்க, ஆற்றோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டுள்ளன. உவர்நீர் ஆற்றை எட்டுமுன் அதை இறைத்து, தொலைவிலுள்ள அகன்ற குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது.