பாலூட்டிகளில் கரு நிலைபெறுதலும் அதன் பரிணாமமும்

சினை ஊசி போடப்பட்ட பசு 21ஆம் நாள் மீண்டும் பருவத்திற்கு வந்தால், கரு உண்டாகவே இல்லை என்று முடிவு செய்வது வழக்கம். இது எப்போதும் சரியன்று. கரு உண்டாகிச் சில நாட்கள் வளர்ந்து, பின்னர் அழிந்திருக்கவும் கூடும். முதல் மூன்று வாரங்கள் ஏன் இவ்வளவு அபாயம் நிறைந்தவை என்பதைப் பாலூட்டிகளின் பரிணாம வரலாறு ஓரளவு தெளிவாக்குகிறது.

முட்டையிலிருந்து கருப்பைக்கு

இன்று வாழும் பாலூட்டிகள் மூன்று பெரும் பிரிவுகளாகும். ஆஸ்திரேலியாவில் வாழும் பிளாட்டிபஸ் போன்றவை முட்டையிடுகின்றன. கங்காரு, ஒப்போசம் முதலியவை முதிராத குட்டிகளை ஈனுகின்றன. பசு, எலி, மனிதன் ஆகியோர் அடங்கிய மூன்றாம் பிரிவில், கரு நெடுங்காலம் கருப்பையிலேயே வளர்கிறது.

தென் அமெரிக்காவில் வாழும் குட்டைவால் ஒப்போசத்தின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 14 நாட்கள். அதில் சுமார் 12 நாட்கள் வரை கருவை மெல்லிய ஓடு ஒன்று மூடியிருக்கும். கரு தாயின் திசுவைத் தொடுவதில்லை. ஓடு கரைந்து, கரு கருப்பைச் சுவரைப் பற்றிய சுமார் இரண்டு நாட்களில் பிரசவம் நிகழ்கிறது. அவ்வாறு பற்றும்போது, புண்பட்ட இடத்தில் காணப்படுவது போன்ற அழற்சி கருப்பையில் தோன்றுவதை 2017இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. அழற்சியின்போது சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் பிரசவத்தைத் தூண்டவல்லது. ஆகவே, ஒப்போசத்தில் கரு பற்றுதலே பிரசவத்திற்கு வாயில் எனலாம்.

மூன்றாம் பிரிவின் மூதாதைகள் இந்த அழற்சியை முற்றிலும் கைவிடவில்லை. அதன் தொடக்கத்தை வைத்துக்கொண்டு, கருவுக்குக் கேடான பிற்பகுதியை அடக்கின. புராஸ்டகிளாண்டினை உண்டாக்கும் நொதிகளுள் ஒன்று இல்லாத எலிகளில் கரு சரிவரப் பதிவதில்லை என்பது 1997இல் கண்டறியப்பட்டது. பதிந்த பின்னரோ, வெள்ளணுக்களின் தாக்குதல் தடுக்கப்படுகிறது. எலியிலும் மனிதரிலும் கருப்பையின் உட்சுவரில் தோன்றும் சிறப்பு உயிரணுக்களுக்கு இதில் பங்குண்டு.

பசுவின் கரு அனுப்பும் செய்தி

பசுவின் கரு சுவரைத் துளைத்து உட்புகுவதில்லை. அது நூல்போல் நீண்டு, ஏறத்தாழ 19, 20ஆம் நாட்களிலிருந்து சுவருடன் ஒட்டத் தொடங்குகிறது. ஆனால் அதற்கு முன்பே தன் இருப்பைத் தாய்க்கு அறிவித்தாக வேண்டும். சினையில்லாத பசுவில் சுமார் 17ஆம் நாளில் கருப்பை புராஸ்டகிளாண்டினைச் சுரக்கும். அது சூலகத்திலுள்ள மஞ்சள் உடலத்தை அழிக்கும். கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் குறையும். பசு மீண்டும் பருவத்திற்கு வரும்.

இதைத் தடுக்கக் கருவின் வெளிப்படலம் இன்டர்ஃபெரான் டௌ என்னும் புரதத்தைச் சுரக்கிறது. செம்மறியாட்டில் இச்செய்தியை அளிக்கும் புரதம் இன்டர்ஃபெரான் இனத்தைச் சேர்ந்தது என்பது 1987இல் தெரியவந்தது. பொதுவாக வைரஸ்களை எதிர்க்கும் பொருள்களின் இனத்திலிருந்தே அசைபோடும் பிராணிகள் இச்செய்தியைப் பெற்றன. பன்றியின் கரு ஈஸ்டிரோஜனையும், மனிதக் கரு வேறொரு ஹார்மோனையும் பயன்படுத்துகின்றன. தேவை ஒன்றே, வழிகள் பல.

நடைமுறைப் பயன்

வளர்ச்சி குன்றிய கரு போதிய அளவு செய்தி அனுப்ப இயலாமல் அழியக்கூடும். அப்போது பசு வழக்கமான நாளிலேயே பருவத்திற்கு வரும். செய்தி அனுப்பிய பின் கரு இறந்தால் பருவம் தாமதமாகலாம். ஆதலால் ஊசி போட்ட நாளையும் பருவம் திரும்பிய நாளையும் பதிவேட்டில் குறிப்பது களப் பணியாளரின் இன்றியமையாத கடமையாகும். கறவை மாட்டுக்குச் சினையில்லை என்று உறுதிசெய்யாமல் புராஸ்டகிளாண்டின் ஊசி போடலாகாது; அது கருவின் செய்தியைப் பயனற்றதாக்கி, கருச்சிதைவை உண்டாக்கக்கூடும்.

பாதி தந்தையின் மரபைக் கொண்ட கருவைத் தாயின் உடல் ஏன் அந்நியமென்று தள்ளிவிடுவதில்லை என்ற கேள்வியோடு ஆசிரியர்கள் இப்பாடத்தைத் தொடங்கலாம். ஒப்போசத்தில் தள்ளுதலுக்கு வழிகோலும் அழற்சியே, பசுவின் மரபில் அடக்கி ஆளப்பட்டு நெடுங்காலக் கர்ப்பத்திற்கு இடமளித்தது என்பதை மாணவர் அப்போது எளிதில் உணர்வர்.