சுழலும் கமராவை இயக்கப் பழகுவோம்

கொழும்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போன நம் பக்கத்துத் தம்பி ஒருவர் தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது என்னைத் தேடி வந்து ஒரு விஷயம் சொன்னார். அவர் வேலை செய்த களஞ்சியத்தில் ஒருநாள் ராத்திரி பின் கேட் வழியாகச் சாமான் போய்விட்டது. காலையில் மனேஜர் கமராப் பதிவைப் போட்டுப் பார்த்தால், 11 மணியிலிருந்து விடியும்வரை தெரிந்தது முன்ரோட்டில் நின்ற ஒரு லொறி மட்டுந்தான். யாரோ கமராவை லொறிப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று டியூட்டியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஒரே யூசர் பெயர், ஒரே பாஸ்வேர்ட்.

"நான் திருப்பலீங்க ஐயா. ஆனா திருப்பலைன்னு காட்ட என்கிட்ட ஒன்னும் இல்லியே" என்றார். மூன்று பேருக்கும் வேலை போயிற்று.

"கமரா ரூம்ல வேலையாம், சும்மா உக்காந்து டி.வி. பாக்கிறதுதானே" என்று பெற்றோர் பேசிக்கொள்வதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. ஓ.எல். முடித்த நம் பிள்ளைகள் பலர் கொழும்பிலும் மற்ற டவுன்களிலும் இந்த வேலைக்குப் போகிறார்கள். சில பெக்டரிகளிலும் இந்தக் கமரா வந்துவிட்டது. ஆகவே இந்த முறை பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன். போகிற பிள்ளையும் படிக்கட்டும், அனுப்புகிற தாய் தகப்பனும் படிக்கட்டும்.

கடைகளில் மூலையில் மாட்டியிருக்கும் சாதாரண கமரா ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் பேசப்போவது பி.டி.இசட். என்று சொல்லும் சுழலும் கமராவைப் பற்றி. இதற்கு மூன்று வேலை தெரியும். பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் சாயும், தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும். இந்த மூன்றாவதைத்தான் சூம் என்கிறோம். உருண்டை வடிவில் தொங்கும் கமராக்களில் பெரும்பாலானவை நிற்காமல் 360 பாகையும் சுற்றக்கூடியவை.

சூம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 25 மடங்கு சூம் உள்ள ஒரு சாதாரண பி.டி.இசட். கமராவை எடுத்துக்கொள்வோம். 300 மீற்றர் தூரத்தில் உள்ள மலையை விரித்துப் பார்த்தால், திரையில் 300 மீற்றருக்கும் அதிகமான அகலம் தெரியும். ஆட்கள் எறும்பு போல இருப்பார்கள். முழுவதும் கிட்ட இழுத்தால் அதே தூரத்தில் சுமார் 13 மீற்றர் அகலம் மட்டுமே திரையை நிறைக்கும். தெரிந்த ஆளாக இருந்தால் இன்னார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த 13 மீற்றருக்கு வெளியே நடக்கிற எதுவும் அந்த நேரத்தில் கமராவுக்குத் தெரியாது. ஒன்றை நன்றாகப் பார்த்தால் மற்றது போய்விடும். இந்தக் கமராவின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

இன்னொரு விஷயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். பதிவுப் பெட்டியில் சேமிக்கப்படுவது அந்த நேரம் கமரா பார்த்த பக்கம் மட்டுமே. மறுநாள் பதிவைப் போட்டு "கொஞ்சம் கேட் பக்கம் திருப்புங்க" என்றால் திருப்ப முடியாது. பதிவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் அது படத்தைப் பெரிசாக்குமே தவிர புதிதாக எதையும் காட்டாது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கேட், பணப்பெட்டி, களஞ்சியக் கதவு போன்ற இடங்களுக்குத் திரும்பாத கமராவையே மாட்டுவார்கள். சுழலும் கமரா ஆளைப் பின்தொடரத்தான். அந்தத் தம்பியின் களஞ்சியத்தில் இரண்டு வேலைக்கும் ஒரே கமராவை வைத்திருந்தார்கள்.

இனி இயக்கும் முறைக்கு வருவோம். கணினியில் கமரா மென்பொருளைத் திறந்ததும் நேரடிப் படங்கள் கட்டம் கட்டமாக வரும. எந்தக் கமராவைத் திருப்ப வேண்டுமோ அந்தப் படத்தை முதலில் கிளிக் செய்ய வேண்டும். புதிதாகப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு வேறு கமராவைத் திருப்பிவிடுவார்கள். அதன்பிறகு பி.டி.இசட். என்ற பகுதியைத் திறந்தால், எட்டுத் திசைக்கும் அம்புக்குறிகள் இருக்கும். பக்கத்தில் சூமுக்குக் கூட்டல், கழித்தல் குறி. அதற்கடுத்து போகஸ், ஐரிஸ், வேகம்.

அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் திரும்பும், விட்டால் நிற்கும். சொல்லும்போது சுலபம். கையில் எடுத்தால் முதல்நாள் எல்லாருக்கும் தடுமாறும், எனக்கும் தடுமாறியது. காரணம், கமரா பார்ப்பது நம் திரைக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். நாம் பார்த்து நிறுத்துவதற்குள் கமரா தாண்டிப் போயிருக்கும். திரும்ப இந்தப் பக்கம் இழுப்போம், மறுபடி தாண்டிவிடும். அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி நகர்த்துங்கள். கிட்ட இழுத்து வைத்திருக்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சின்னத் தட்டிலேயே ஆள் திரையை விட்டுப் போய்விடுவார். நடந்துபோகும் ஆளைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் விரித்துப் பிடித்து, ஆளை நடுவில் வைத்து, அவர் நிற்கும்போது கிட்ட இழுக்க வேண்டும். சில மென்பொருளில் படத்தின் மேலேயே கிளிக் செய்தால் அந்த இடம் நடுவுக்கு வரும். மவுஸால் கட்டம் வரைந்தால் அந்தக் கட்டம் அளவுக்குக் கிட்ட வரும். இந்த வசதி இருந்தால் அம்புக்குறியைவிட இதுதான் நல்லது.

படம் வருகிறது, ஆனால் திரும்பமாட்டேன் என்கிறது என்றால் பயப்பட வேண்டாம். பழைய வயர் முறையில், கமராவிலும் மென்பொருளிலும் ஒரே மொழி, ஒரே இலக்கம், ஒரே வேகம் இருக்க வேண்டும். மொழி என்றால் பெல்கோ-டி போன்றது. வேகம் 2400 அல்லது 9600 என்று இருக்கும். இரண்டு வயரும் மாறிப் பூட்டியிருந்தாலும் திரும்பாது. இப்போது வரும் கமராக்கள் கணினி வலையமைப்பில் பூட்டுபவை. ஒரு கம்பனிக் கமராவும் இன்னொரு கம்பனி மென்பொருளும் பேசிக்கொள்வதற்காக 2008ஆம் ஆண்டில் எக்ஸிஸ், பொஷ், சோனி ஆகிய மூன்று கம்பனிகளும் சேர்ந்து ஒன்விஃப் என்ற பொது முறையைத் தொடங்கின. அதில் பூட்டியும் வேலை செய்யாவிட்டால் இரண்டைப் பாருங்கள். உங்கள் யூசர் பெயருக்குத் திருப்பும் அனுமதி கொடுத்திருக்கிறதா, கமராவின் மணி சரியாக இருக்கிறதா. மணி பிழைத்தால் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் கமரா ஏற்காமல் போவதுண்டு.

அடுத்தது பிரிசெட். இதுதான் இந்தப் பாடத்தில் முக்கியமானது. கமராவை ஒரு இடத்துக்குத் திருப்பி, சூமும் போகஸும் சரிசெய்து, "1" என்று ஒரு இலக்கம் கொடுத்து சேமிக்க வேண்டும். அதன்பின் 1ஐ அழைத்தால் கமரா எங்கே இருந்தாலும் அந்த இடத்துக்கே வந்து நிற்கும். முன்கேட் 1, பின்கேட் 2, லொறி ஏற்றும் இடம் 3 என்று வைத்துக்கொண்டு, ஒரு பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ராத்திரி டியூட்டிக்கு வருகிறவருக்கும் அது உதவும்.

இந்தப் பிரிசெட்களில் ஒன்றைக் கமராவின் வீடாக வைக்க வேண்டும். பார்க் என்று ஒரு வசதி பல கமராக்களில் இருக்கிறது. யாரும் தொடாமல் 30 செக்கனோ ஒரு நிமிடமோ போனால், கமரா தானாகவே அந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அந்தக் களஞ்சியத்தில் இதை மட்டும் போட்டு வைத்திருந்தால், லொறியைப் பார்த்தவர் மறந்தாலும் கமரா பின்கேட்டுக்குத் திரும்பியிருக்கும். வேலைக்குப் போய்ச் சேர்ந்த முதல்நாளே "பார்க் போட்டிருக்கா சேர்?" என்று கேட்கச் சொல்லி நான் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான். கரண்ட் போய் வந்தாலும் கவனிக்க வேண்டும். கமரா ஒரு சுற்றுச் சுற்றித் தன்னைச் சரிபார்க்கும். பிறகு எங்கே நிற்கும் என்பது அதை அமைத்த விதத்தைப் பொறுத்தது. நீங்களே வீட்டு இலக்கத்தை அழைத்துவிடுங்கள்.

பெட்ரோல் என்று ஒரு பொத்தானும் இருக்கும். வண்டிக்கு அடிக்கும் பெட்ரோல் இல்லை, ரோந்து. பிரிசெட்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை செக்கன் நிற்க வேண்டும் என்று சொன்னால் கமரா தானாகச் சுற்றிவரும். இதைப் போட்டுவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 இடம், ஒவ்வொன்றிலும் 20 செக்கன் என்றால் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம். ஒவ்வொரு இடமும் ஒரு சுற்றில் 100 செக்கன் பார்வையில்லாமல் கிடக்கும். 100 செக்கனில் ஒரு மூட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். கொஞ்சநேரம் நின்று பார்த்தால் கமராவின் போக்குத் திருடனுக்கும் தெரிந்துவிடும். எனவே ரோந்தில் இடங்களைக் குறைத்து, முக்கியமான இடத்துக்கு இரண்டு முறை வருகிற மாதிரி வரிசை போடுவது நல்லது.

நம் மலைப் பக்கத்தில் மூடுபனி ஒரு தொல்லை. பனி இறங்கியதும் கமரா எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போகஸை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே இருக்கும், படம் கலங்கிக் கலங்கித் தெளியும். அப்போது தானியங்கிப் போகஸை நிறுத்திவிட்டுக் கையால் சரிசெய்து வையுங்கள். ராத்திரியில் கமராவின் சிவப்பு வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பித் திரை முழுக்க வெள்ளையடித்துவிடும். அந்த வெளிச்சத்தைக் குறைத்து, முற்றத்து லைட்டைப் போட்டால் கொஞ்சம் தெரியும். கண்ணாடி முன்னே சிலந்திவலை இருந்தாலும் அப்படித்தான். அதற்கு மென்பொருள் வேண்டாம், தும்புத்தடி போதும்.

யூசர் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும். பல மென்பொருள்களில் யார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்தக் கமராவைத் திருப்பினார் என்று குறிப்பு எழுதப்படும். பிரட்டுக் களத்தில் பெயர் பதிகிற மாதிரிதான். ஒரே பெயரில் மூன்று பேர் வேலை செய்தால் அந்தக் குறிப்பால் யாருக்கும் பிரயோசனமில்லை. "அவசரத்துக்கு உன் பாஸ்வேர்டைக் குடுடா தம்பி" என்று மூத்தவர் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. டியூட்டி முடிந்தால் உங்கள் பெயரை மூடிவிட்டு எழும்புங்கள். தனிப்பெயர் தரமாட்டோம் என்கிற இடமாக இருந்தால், ஒரு கொப்பியில் நேரமும் கமரா இலக்கமும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். மேல் அதிகாரிக்கு முன்னுரிமை கொடுத்திருக்கும் இடங்களில், அவர் கமராவைப் பிடித்தால் நம் கட்டளை வேலை செய்யாது. அதையும் நேரத்தோடு எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, தோட்டத்தில் இருக்கிற நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். பெக்டரிக் கூரையில் ஒரு சுழலும் கமரா பூட்டினால் அது கொழுந்து மடுவத்தை மட்டும் பார்க்கும் என்று சொல்ல முடியாது. 300 மீற்றரில் ஆளை அடையாளம் காட்டுகிற கமரா, கீழே இருக்கிற பீலியையும் பார்க்கும், லயத்துக் காம்பரா வாசலையும் பார்க்கும். பீலியில் குளிக்கப் போகிற பெண்பிள்ளைகள் "கமரா இந்தப் பக்கம் திரும்புதுங்க அக்கா" என்று எங்கள் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரிடம் வந்து சொன்னதைக் கேட்டபிறகுதான் இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இதற்கு வழி கமராவுக்குள்ளேயே இருக்கிறது. மறைப்பு, அதாவது பிரைவசி மாஸ்க் என்பார்கள். பீலி இருக்கும் இடத்தின்மேல் ஒரு கறுப்புக் கட்டம் வரைந்து வைத்தால், கமரா எப்படித் திரும்பினாலும், எவ்வளவு கிட்ட இழுத்தாலும் அந்தக் கட்டம் அந்த இடத்தோடேயே நிற்கும். கமராவிலேயே மறைப்பதால் பதிவிலும் அந்த இடம் இருக்காது, பிறகு யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. சில கமராக்களில் இன்ன அளவுக்குமேல் திரும்பாதே என்று எல்லையும் போடலாம். இந்த இரண்டையும் மாற்றும் அதிகாரம் கமராவை இயக்குகிறவரிடம் இருக்கக்கூடாது, நிர்வாகி பாஸ்வேர்டில் மட்டும் இருக்க வேண்டும். இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கேட்கும்போது "மறைப்புப் போட்டாச்சு" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பி வராதீர்கள். தலைவரும் மாதர் சங்கத்து அக்காமார் இரண்டு பேரும் பகல் வெளிச்சத்தில் கமரா ரூமுக்குப் போய், கமராவைப் பீலிப் பக்கம் திருப்பச் சொல்லிப் பாருங்கள். முதலில் விரித்து, பிறகு முழுக்கக் கிட்ட இழுத்து, இரண்டு விதமாகவும் காட்டச் சொல்லுங்கள். கட்டம் பீலியை மூடாமல் ஓரமாக விலகினால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். கமராவைக் கழற்றித் துடைத்துப் பூட்டினாலோ, காற்றில் கம்பம் அசைந்தாலோ மறைப்பும் பிரிசெட்டும் இடம் மாறிவிடும். அப்படி ஒவ்வொரு முறை நடந்த பிறகும் இன்னொரு தரம் போய்ப் பார்க்க வேண்டும்.