வரைபடம் மாறலாம், ஃபைல் பெருகக் கூடாது

கேள்வி: பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ கிராமம் எங்களுடையது. டிப்ளமோ சிவில் படித்துவிட்டுப் பொன்னேரியில் கட்டட வரைவு வேலை பார்க்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் எங்கள் ஊர் வரைபடத்தை ஆட்டோகேடில் வரைந்து வருகிறேன். வீடுகள், படகு கட்டும் இடம், வலை உலர்த்தும் இடம், கருவாடு காயப்போடும் மணல்மேடு, ஏரிக்குள் எங்கள் பாடுகள், முகத்துவாரம் எல்லாம் தனித்தனி லேயராக இருக்கின்றன. ஏதாவது மாறும்போதெல்லாம், பழையது போய்விடுமோ என்ற பயத்தில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புது ஃபைலாக வைத்துவிடுகிறேன். ‘ஊர்ப்படம்_கடைசி’, ‘ஊர்ப்படம்_புதுக்கடைசி’ என்று பெருகிவிட்டது. அண்ணன் லேப்டாப்பில் ஒன்று, என் பென் டிரைவில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. போன ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேர் இரண்டு பிரிண்ட்டை விரித்து வைத்து, இதுதான் சரி என்று வாதாடினார்கள். பிரதி எடுக்காமல் லேயரை மட்டும் புதுப்பிக்க வழி உண்டா? பழைய ஃபைல்களை அழித்துவிடலாமா?

– ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்: அன்புத் தங்கைக்கு,

வழி உண்டு. பழைய ஃபைல்களை இப்போதைக்கு அழிக்காதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மென்பொருளுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வரைபடத்தில் கை வைக்க இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று திருத்தம், மற்றொன்று மாற்றம். வலை உலர்த்தும் இடத்தின் மூலையைத் தப்பாக அளந்துவிட்டீர்கள், இப்போது சரியாக அளந்திருக்கிறீர்கள் என்றால் அது திருத்தம். பழைய கோடு என்றுமே உண்மையாக இருந்ததில்லை. அதன் மேலேயே சரிசெய்து சேமிக்கலாம். முகத்துவாரம் இடம் நகர்ந்துவிட்டது என்றால் அது மாற்றம். பழைய கோடு அன்றைக்கு உண்மை, புதிய கோடு இன்றைக்கு உண்மை. இரண்டும் இருக்க வேண்டும், ஆனால் ஒரே ஃபைலுக்குள், தேதியோடு. மீனவர் சங்கத்துக் கணக்கு நோட்டில் தப்பான தொகையைத் திருத்துகிறோம், புதுச் சந்தா வந்தால் அடுத்த வரியில் எழுதுகிறோம். இரண்டுக்கும் யாரும் புது நோட்டு போடுவதில்லை. நீங்கள் இரண்டுக்குமே புது நோட்டு போட்டுவந்திருக்கிறீர்கள். பிரதிகள் பெருகியது அதனால்தான்.

இந்த வேறுபாடு எல்லா ஊருக்கும் வேண்டும். உங்கள் ஊருக்கோ இது உயிர்நாடி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் ஏறி இறங்குகிறது. கோடையில் மணல் சேர்ந்து வாய் தூர்வதும், மழைக்காலத்தில் வெள்ளம் அதை உடைத்துத் திறப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் தேதி இல்லாத கரைக்கோடு எதையுமே சொல்லாது.

ஊரார் முறை வைத்து மீன்பிடிக்கும் இடங்களான பாடுகளிலும் இப்படி ஒரு வேறுபாடு உண்டு. ஏரிக்குள் எந்தப் பாடு எங்கே இருக்கிறது என்பது இடம். அதை வரைய வேண்டும். எந்தத் தலைக்கட்டுக்கு எந்த நாளில் முறை வருகிறது என்பது அட்டவணை; அதை வரையவே கூடாது. முறை சுற்றிவரும் ஒவ்வொரு தடவையும் ஆள் பெயரை வரைபடத்தில் மாற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது ஃபைல் பிறக்கும். பாட்டின் பெயரை மட்டும் வரைபடத்தில் எழுதுங்கள். முறைப் பட்டியல் ஊர்ப் பெரியவர்களின் நோட்டிலோ எக்ஸெலிலோ இருக்கட்டும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில், ஒரே டிராயிங்கை நான்காகப் பிரியுங்கள். ‘நிலம்’ (வீடு, சாலை, சர்வே எல்லை), ‘நீர்க்கரை’ (ஏரிக்கரை, முகத்துவாரம்), ‘பாடு’, ‘தொழிலிடம்’ (படகு, வலை, கருவாடு, ஐஸ்). மாறும் வேகம் ஒத்தவை ஒன்றாக இருக்கட்டும் என்பதே பிரிப்பதற்கான கணக்கு. முகத்துவாரத்தில் எழுப்பும் கல் சுவர் போன்ற கட்டுமானத்தை நீர்க்கரையோடு சேர்க்காதீர்கள். சுவர் நிற்கும், தண்ணீர் நகரும். அதை ‘நிலம்’ ஃபைலில் தனி லேயராக வையுங்கள்.

ஐந்தாவதாக ‘ஊர்ப்படம்’ என்று ஒரு வெற்று டிராயிங் திறந்து, இந்த நான்கையும் எக்ஸ்ரெஃப் ஆக இணையுங்கள். எக்ஸ்ரெஃப் என்பது உள்ளே ஒட்டிய பிரதி அன்று. வெளியே இருக்கும் ஃபைலைச் சுட்டிக் காட்டும் இணைப்பு. ‘நீர்க்கரை’யைத் திறந்து திருத்திச் சேமித்தால், ‘ஊர்ப்படம்’ அடுத்த முறை திறக்கும்போது புதிய கரையோடு திறக்கும். ஏற்கெனவே திறந்திருந்தால் ‘ரீலோட்’ கொடுத்தால் போதும். பிரிண்ட் அளவு, தலைப்பு, குறிவிளக்கம் ஆகியவை மட்டுமே ‘ஊர்ப்படம்’ ஃபைலின் சொந்தச் சரக்கு.

இணைக்கும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ‘அட்டாச்’ வேண்டாம், ‘ஓவர்லே’ தேர்ந்தெடுங்கள். பின்னால் ஒரு ஃபைல் இன்னொன்றை இழுத்து வந்து ஒரே கரை இரண்டு தடவை தோன்றுவதை அது தடுக்கும். பாதையை ‘ரிலேட்டிவ்’ ஆக வையுங்கள். அப்போது முழு ஃபோல்டரையும் அண்ணன் லேப்டாப்புக்கு மாற்றினாலும் இணைப்பு அறாது. ‘விஸ்ரீடெய்ன்’ மதிப்பை 1 என வைத்தால் ‘ஊர்ப்பட’த்தில் நீங்கள் தந்த லேயர் நிறமும் மறைப்பும் ரீலோட் செய்தாலும் கலையாது. ‘பைண்ட்’ என்ற கட்டளையைத் தொடாதீர்கள். அது இணைப்பைப் பிரதியாக மாற்றிவிடும், பழைய நோய் திரும்பிவிடும்.

பழையது போய்விடுமோ என்ற பயத்துக்கும் மருந்து உண்டு. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஆட்டோகேட் முந்தைய நிலையை பிஏகே என்று முடியும் ஃபைலாக அதே ஃபோல்டரில் வைக்கிறது. கை தவறினால் அதன் கடைசி எழுத்துகளை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறக்கலாம். ஆனால் அது ஒரே ஒரு படிதான் பின்னால் போகும். ஆகவே மாதம் ஒரு முறை ‘ஈட்ரான்ஸ்மிட்’ மூலம் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பாகக் கட்டித் தனி டிஸ்க்கில் தேதியிட்டு வையுங்கள். அது காப்பு, அதைத் திறந்து யாரும் வேலை செய்யக் கூடாது. பிரதிக்கும் காப்புக்கும் இதுதான் வித்தியாசம்.

நகர்கிற கோடுகளுக்கு ‘நீர்க்கரை’ ஃபைலுக்குள்ளேயே ‘முகத்துவாரம்_2024_01’, ‘முகத்துவாரம்_2024_06’ என்று ஆண்டும் மாதமும் சேர்த்து லேயர் பெயர் வையுங்கள். அண்மையதைத் தவிர மற்றவற்றை ‘ஃப்ரீஸ்’ செய்துவிடுங்கள். யாராவது “போன மழைக்கு முன்னால் வாய் எங்கே இருந்தது?” என்று கேட்டால், ஃபைலைத் தேடாமல் ஒரு லேயரைத் திறந்து காட்டலாம்.

பிரதி பிறக்கும் இன்னொரு இடம் ஆயத்தொலைவு. செல்போன் ஜிபிஎஸ் அட்சரேகை, தீர்க்கரேகையாகத் தரும். உங்கள் டிராயிங் மீட்டரில் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய புலப்படத்திலோ உலக ஆயத்தொலைவே இருக்காது. மூன்றும் பொருந்தாதபோது ஒரு பிரதியை எடுத்து நகர்த்திப் பார்க்கத் தோன்றும். அந்தச் சபலத்தை முதலிலேயே அடைத்துவிடுங்கள். எல்லா ஃபைலுக்கும் டபிள்யூஜிஎஸ் 84, யுடிஎம் 44 வடக்கு மண்டலம் என்று ஒரே முறையை வையுங்கள். அதன் இபிஎஸ்ஜி எண் 32644. பழவேற்காடு கிழக்குத் தீர்க்கரேகை 80 பாகையை ஒட்டி இருப்பதால் 78 முதல் 84 வரையுள்ள இந்த மண்டலத்தில் விழும். புலப்படத்தைக் கோயில் மூலை, சர்வே கல் போன்ற நிலையான இடங்களில் ஜிபிஎஸ் எடுத்து ஒரே தடவை பொருத்திவிட்டு, அந்த லேயரைப் பூட்டிவிடுங்கள்.

படகில் போய்ப் பாடுகளை ஜிபிஎஸ்ஸில் குறித்துவரும் இளைஞர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் உங்கள் ஆட்டோகேடைவிட ஒத்துவரும். அதில் ஷேப்ஃபைல் வேண்டாம். ஒரே லேயருக்கே குறைந்தது மூன்று ஃபைல், அதில் ஒன்று தொலைந்தாலும் சிக்கல். ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் எல்லா லேயரும் ஒரே ஃபைலுக்குள் அடங்கும். புதுப் புள்ளிகள் வந்தால் அவற்றை ஏற்கெனவே உள்ள ஜியோபேக்கேஜுக்கே சேமிக்கச் சொல்லி, ‘அப்பெண்ட் டு லேயர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இருக்கும் லேயரின் அடியில் அவை சேர்ந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் ‘தொடக்க நாள்’, ‘முடிவு நாள்’ என்று இரண்டு பத்திகள் வையுங்கள். முடிவு நாள் காலியாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டினால் அது இன்றைய வரைபடம். ஒரு எச்சரிக்கை: க்யூஜிஐஎஸ்ஸை மூடாமல் ஜியோபேக்கேஜை வேறிடத்துக்குக் காப்பி செய்யாதீர்கள்; கடைசியாகச் செய்த திருத்தங்கள் பக்கத்தில் உள்ள துணை ஃபைலில் தங்கிவிட்டிருக்கக்கூடும்.

வாட்ஸ்அப்பில் இனி டிராயிங் போகவே வேண்டாம். பிடிஎஃப் மட்டும் போகட்டும். ஒவ்வொன்றின் மூலையிலும் பிரிண்ட் எடுத்த தேதியும், கரைக்கோடு அளந்த மாதமும் இருக்கட்டும். ஊர்க்கூட்டத்தில் இரண்டு தாள் விரிந்தால் தேதியைப் பார்த்தே பேச்சை முடிக்கலாம். திருத்தச் சொல்பவர்கள் தாளில் பேனாவால் குறித்துத் தரட்டும். ஃபைலில் கை வைப்பவர் ஒருவர்தான் என்று ஊரறிய முடிவெடுங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். 2011-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ கிராமங்களையும் மீனவர்களின் பொதுச் சொத்துகளையும் படகுத்துறை, ஐஸ் தொழிற்சாலை, மீன் உலர்த்தும் இடம் ஆகியவற்றையும் ஊரளவு வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அந்த அளவு 1:3960, அதாவது ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம். மாநில அளவிலான 1:25,000 வரைபடத்தில் உங்கள் வலை உலர்த்தும் மணல்மேடு ஒரு புள்ளி அளவுக்கும் தேறாது. ஊரளவு வரைபடத்தில் அதற்கு எல்லை உண்டு, பெயர் உண்டு. நீங்கள் வரைவது அந்த வேலைக்கு ஊர் தரப்போகும் ஆதாரம். உங்களுக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடமும் பிற்பாடு வந்த வரைபடமும் ஒத்துப்போகவில்லை என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017-ல் குரல் எழுப்பியதை அறிவீர்கள். எது எப்போதைய வரைபடம், எதை வைத்து வரைந்தது என்று அரசைக் கேட்கும் ஊர், தன் வரைபடத்தைப் பற்றி அதே கேள்வி வந்தால் உடனே பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதே காரணத்தால் உங்கள் கரைக்கோட்டு லேயருக்கு ‘உயர் அலைக்கோடு’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். சட்டப்படி அந்தக் கோட்டை வரைய அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் தனியே உண்டு. நீங்கள் அளந்தது ‘இன்ன தேதியில் தண்ணீர் நின்ற கோடு’. அப்படியே எழுதுங்கள், அதற்கு அதன் மதிப்பு உண்டு.

இப்போது பழைய ஃபைல்கள். அவற்றில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாதத்து முகத்துவாரத்தை வைத்திருக்கிறது. வரிசையாகத் திறந்து, முகத்துவாரக் கோட்டை மட்டும் ‘பேஸ்ட் டு ஒரிஜினல் கோஆர்டினேட்ஸ்’ மூலம் ‘நீர்க்கரை’க்கு மாற்றி, அந்தக் கோட்டை அளந்த மாதத்தை லேயர் பெயராக இடுங்கள். மாதம் நினைவில்லை என்றால் ஊரில் கேளுங்கள். எந்தப் புயலுக்கு முன், எந்த வெள்ளத்துக்குப் பின் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். ஒரே கோடு இரண்டு முறை விழுந்திருந்தால் ‘ஓவர்கில்’ கட்டளை நீக்கிவிடும். எல்லாம் எடுத்தபின் பழைய ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டு ‘ரீட் ஒன்லி’ ஆக்குங்கள்.

இந்த வாரம் நீர்க்கரையை மட்டும் பிரித்து இணைத்துப் பாருங்கள். அது ஓடினால் மற்ற மூன்றும் ஓடும். அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு ஒரே தாளோடு போங்கள். வாதம் இருக்கும், ஆனால் எது சரியான தாள் என்பதைப் பற்றி இருக்காது, ஊருக்கு எது வேண்டும் என்பதைப் பற்றி இருக்கும்.