பாலாற்றங்கரையில் வாணியம்பாடி

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அதன் நீர்வழியை அறிதல் வேண்டும். ஏலகிரி மலைக்கு வடக்கே, திருப்பத்தூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் அமைந்துள்ள வாணியம்பாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, அங்கு 93 கிலோமீட்டரும் ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும் ஓடி, புல்லூர் அருகே தமிழகத்தில் புகுகின்றது. பின்னர் 222 கிலோமீட்டர் கடந்து வாயலூர் அருகே கடலில் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி இவ்வாற்றில் மணலே காணப்படும். நீர் அதனடியில் நிற்கும். நம் முன்னோர் மணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தனர்.

இப்பள்ளத்தாக்கு மைசூர் மேட்டு நிலத்தையும் ஆர்க்காட்டுச் சமவெளியையும் இணைக்கும் வழியாகும். ஆகவே படைகளும் இவ்வழியே வந்தன. 1749இல் அடுத்துள்ள ஆம்பூரில் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன்கான் மாண்டார். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட இருப்புப்பாதை பின்னர் இவ்வழியே மேற்கே நீண்டது. ஆற்று நீரும், ஆவாரம்பட்டையும், இரயில் வசதியும் கூடவே, தோல் பதனிடும் தொழில் இங்குத் தழைத்தது.

ஆறு இவ்வூருக்கு இரு பாடங்களைக் கற்பித்துள்ளது.

முதலாவது வெள்ளம். 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் பெய்த பெருமழையால் ஏரிகள் உடைந்தன. அந்நீர் திரண்டு வந்து வாணியம்பாடியின் தாழ்ந்த பகுதிகளை அழித்தது, பலர் உயிரிழந்தனர். ‘எங்கள் ஏரி உடைந்தால் எங்கள் பயிர்தானே போகும்’ என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. ஓர் ஊரின் பலவீனமான கரை, கீழுள்ள ஊரின் ஆபத்தாகும். 2021 நவம்பரிலும் பாலாறு பெருக்கெடுத்தது.

இரண்டாவது நீரின் கேடு. தோலைக் கெடாமற் காக்க இடும் உப்பு, கழிவு நீரில் கரைந்து நிலத்தினுள் இறங்கியது. சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தும் கரைந்த உப்பைப் பிரிப்பது கடினம். கிணறுகள் கரித்தன, நெல்லும் தென்னையும் நலிந்தன. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30இல் பாலாற்றைச் சீராக்கவும் ஆணையிட்டது. தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றது, கிணறும் அங்ஙனமே. ஒன்றைக் காக்க மற்றொன்றை இழத்தலாகாது.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உள. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரிக்கரை, மதகு, கலங்கல் ஆகியவற்றை நேரிற் பார்வையிடுக. வரத்துக்கால்வாயைத் தூர்வாருக. ஆற்றுப் புறம்போக்கில் எவரும் வீடு கட்ட விடாதீர். ஆண்டுக்கு இருமுறை கிணற்று நீரைச் சோதித்து, அதன் உப்பளவையும் நீர்மட்டத்தையும் ஊராட்சிப் பதிவேட்டில் குறித்து வைப்பீர்.

அப்பதிவேடே நாளை உங்கள் ஊரின் வரலாறாகும், வேண்டும்போது சாட்சியுமாகும்.